உங்களுக்கு முன்பே அங்கே சபை இருந்தது

ஓய்வு பெற்ற பிறகு ஊழியத்துக்குப் புறப்படும் கணவன் மனைவியை எங்கள் சபையில் ‘மூத்த தம்பதி’ என்பார்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை எங்களுடையது. ஊரார் வாயில் மார்மன் சபை. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டிரண்டு பேராகத் தெருவில் நடக்கும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். பெயர்ப்பட்டை மூத்த தம்பதிகளான நமக்கும் உண்டு. ஆனால் கதவு தட்டும் வேலை அவர்களுடையது. ஏற்கெனவே சபையில் இருப்பவர்களுக்கு, அதிலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு, பக்கத்தில் நின்று கைகொடுப்பதே நமக்கான வேலை. சம்பளம் கிடையாது. செலவும் நம்முடையதே.

நானும் என் மனைவியும் மேற்கு ஆப்பிரிக்காவில், கானாவின் கடற்கரைப் பகுதியில், அந்த வேலையைச் செய்துவிட்டு வந்தோம். இப்போது புறப்படத் தயாராகும் தம்பதிகள் வீட்டுக்கு வந்து கேட்கும் முதல் கேள்வி, பெட்டியில் என்னென்ன வைப்பது என்பதுதான். அதையும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

1. போகிற ஊரின் சபை வரலாற்றைப் படித்துவிட்டுப் போங்கள்.

சுற்றுலாக் கையேட்டைச் சொல்லவில்லை. கானாவில் ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் என்று ஒருவர் இருந்தார். 1964இல் மார்மன் புஸ்தகம் அவர் கைக்கு வந்தது. படித்தார், நம்பினார், கேப் கோஸ்ட் பக்கம் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். கூட்டங்கள் உருவாயின. அமெரிக்காவில் சால்ட் லேக் நகரத்திலுள்ள சபைத் தலைமைக்கு ஊழியர்களை அனுப்பச் சொல்லிக் கடிதங்கள் போயின. யாரும் வரவில்லை. பதினான்கு ஆண்டுகள். அத்தனை காலமும், ஞானஸ்நானம் கொடுக்க ஆளில்லாமல், சபைப் பதிவேட்டில் பெயரில்லாமல், அந்தக் கூட்டங்கள் தங்களை இந்தச் சபையார் என்றே சொல்லிக்கொண்டு ஞாயிறுதோறும் கூடின.

1978 நவம்பரில்தான் ஊழியர்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் இளைஞர்கள் அல்லர். ரெண்டல் மேபி, ரேச்சல் மேபி; எட்வின் கேனன், ஜனத் கேனன். இரண்டு மூத்த தம்பதிகள்! நம் வேலைக்கு முன்னோடிகள் என்று இவர்களைச் சொல்லலாம். முதலில் நைஜீரியா. நவம்பர் 21 அன்று அங்கே பத்தொன்பது பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பல ஆண்டுகளாகக் கடிதம் எழுதிக் காத்திருந்த அந்தோணி ஒபின்னா அவர்களில் ஒருவர்; அங்கே அமைந்த கிளைச் சபையின் தலைவராகவும் அவரே நியமிக்கப்பட்டார். டிசம்பரில் கானா. வந்தவர்கள் விதைக்கவில்லை, விளைந்து நின்றதைக் கண்டார்கள்.

அடுத்த செய்தி இன்னும் முக்கியம். 1989 ஜூன் 14 அன்று கானா அரசு எங்கள் சபையின் செயல்பாடுகளுக்குத் தடை போட்டது. வெளிநாட்டு ஊழியர்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கூடுமிடங்கள் பூட்டப்பட்டன. 1990 நவம்பர் 30 வரை தடை நீடித்தது. அங்குள்ள மூத்த அங்கத்தினர்கள் இன்றும் அதை ‘ஃப்ரீஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஒன்றரை ஆண்டு அவர்கள் வீடுகளுக்குள் கூடினார்கள். குடும்பம் குடும்பமாகத் திருவிருந்து எடுத்தார்கள். தடை நீங்கியபோது சபை அப்படியே இருந்தது.

ஆக, வெளியாள் வருவதற்கு முன்னும் அங்கே சபை இருந்தது, வெளியாட்களை அனுப்பிவிட்ட பின்னும் இருந்தது. விமானம் ஏறுமுன் இது மனதில் பதிந்துவிட்டால் நான் கீழே சொல்லப்போவதில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

2. வேலையை அவர்கள் கையிலிருந்து வாங்காதீர்கள்.

எங்கள் சபையில் சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். கிளைத் தலைவர் வாரம் முழுக்கப் பள்ளிக்கூட வாத்தியாராகவோ தையற்காரராகவோ இருப்பார். செயலாளர் கடை வைத்திருப்பார். சபைப் பெண்களின் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்தின் தலைவிக்கு நான்கு பிள்ளைகளும் சந்தையில் ஒரு மீன் பலகையும் இருக்கும். ஞாயிறு அன்று இவர்கள்தாம் சபை. நீங்கள் முப்பது வருடம் ஆபீசில் கோப்பு நகர்த்தியவர். அவர்கள் இரண்டு மணி நேரம் தடுமாறும் மாதாந்தர அறிக்கையை இருபது நிமிடத்தில் முடித்துவிட உங்களால் முடியும். கை துறுதுறுக்கும்.

கையைக் கட்டிக்கொள்ளுங்கள். செயலாளர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரட்டும், நீங்கள் பக்கத்து நாற்காலியில். அவர் தப்பான பொத்தானை அழுத்தினாலும் மவுசை வாங்காதீர்கள். நீங்கள் முடித்துக்கொடுத்த அறிக்கை ஒரு மாதத்துக்கு ஆகும். அவரே முடித்த அறிக்கை, அவர் அடுத்த செயலாளருக்குச் சொல்லிக்கொடுக்கும்வரை ஆகும்.

கிளைத் தலைவர் ஒரு சந்தேகம் கேட்டால் பதில் தெரிந்தாலும் உடனே சொல்லாதீர்கள். சபையின் பொதுக் கையேடு 2020 முதல் எல்லாரும் படிக்கும்படி இணையத்தில் இருக்கிறது. போனில் அதைத் திறந்து, அந்தப் பகுதியை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை உங்களைத் தேடாமல் கையேட்டைத் தேடுவார். பேச்சுக்கு ஆள் வராத ஞாயிறுகளில் ‘நீங்கள் பேசுங்களேன்’ என்பார்கள். ஒன்றிரண்டு தடவை பேசலாம். வாடிக்கையாகிவிட்டால், பேசப் பயப்படும் பதினாறு வயதுப் பையனுக்கு மேடை கிடைக்காது.

என் மனைவிக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியும். பாட்டு தொடங்கும்போது எல்லாரும் அவளைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாசிக்கவில்லை. சனிக்கிழமை மாலைகளில் இரண்டு பெண்பிள்ளைகளை உட்காரவைத்து மூன்று பாட்டுகள் மட்டும் சொல்லிக்கொடுத்தாள். மாதக்கணக்கில் அந்தக் கிளையில் அதே மூன்று பாட்டுகள்தாம், அதுவும் தாளம் தப்பி. சபையார் பொறுத்துக்கொண்டார்கள், கானாவில் வாத்தியம் இல்லாமலே நன்றாகப் பாடுவார்கள், அதுவும் ஒரு காரணம்.

3. 1978க்கு முன்னால் ஊழியர்கள் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

நிச்சயம் கேட்பார்கள், இளைஞர்கள் நேராகக் கேட்பார்கள். 1978 ஜூன் வரை கறுப்பின ஆண்களுக்கு எங்கள் சபையில் ஆசாரியத்துவம் கொடுக்கப்படவில்லை. ஜான்சனின் கடிதங்களுக்கு ஆள் அனுப்பப்படாததற்கு அதுவும் காரணம். அந்த ஜூனில் வந்த வெளிப்படுத்தல் அதை மாற்றியது. பழைய தடையை நியாயப்படுத்தச் சொல்லிவந்த விளக்கங்களைச் சபையே கைவிட்டுவிட்டதாக 2013இல் வெளியிட்ட கட்டுரையில் எழுதியிருக்கிறது. அந்தக் கட்டுரையைப் போகுமுன் படித்துவிடுங்கள்.

பதில் சொல்லும்போது வழக்கறிஞராகிவிடாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். சமாதானம் சொல்லிச் சொல்லி அதைச் சின்னதாக்கப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். என்னைக் கேட்டால், இந்தக் கேள்விக்குச் சிறந்த பதில் வெளிநாட்டிலிருந்து போனவர் வாயில் இல்லை. அந்தப் பதினான்கு வருடம் காத்திருந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அந்தந்த ஊரில் இருக்கிறார்கள். கேட்கிற பையனை அவர்களிடம் அழைத்துப்போங்கள். அவர்கள் பேசட்டும், நீங்களும் கேளுங்கள்.

4. முதலில் வணக்கம், பிறகு தண்ணீர், அதற்குப் பிறகே விஷயம்.

கானாவின் அக்கான் மக்கள் வீட்டுக்குப் போனால் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். குடித்த பிறகு, வந்த காரியம் என்ன என்று முறையாகக் கேட்பார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த செய்தியை அப்போதுதான் சொல்ல வேண்டும். வாசலிலேயே ‘ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை?’ என்று தொடங்குகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வளர்ப்புச் சரியில்லாதவர்தான். பலர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வலப்பக்கத்திலிருந்து தொடங்கி வரிசையாக வணக்கம் சொல்லிக்கொண்டு போங்கள். கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால். இடது கை விஷயத்தில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தம்பதிகளுக்குத்தான் அது பெரும்பாடு.

எந்தக் கிழமையில் பிறந்தீர்கள் என்று கேட்பார்கள். அங்கே கிழமைதான் பெயர். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் அப்படி வெள்ளிக்கிழமை பிறந்தவர். சனிக்கிழமை பிறந்தால் ஆண் குவாமே, பெண் அமா. நம் தலைமுறையில் பலருக்கு நட்சத்திரம் தெரியும், கிழமை தெரியாது. போகுமுன் பழைய காலண்டரைப் பார்த்துத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரால் உங்களைக் கூப்பிடத் தொடங்கிய நாளிலிருந்து பேச்சு வேறு மாதிரி இருக்கும். தெருக் குழந்தைகள் மட்டும் கடைசிவரை ‘ஒப்ரோனி’ என்றே கூவும். வெளிநாட்டுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் நிறத்தைப் பார்த்தும் சலுகை தரமாட்டார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. அங்குள்ள முதியவர்கள் பலர் இளமையில் இந்திப் படம் பார்த்து வளர்ந்தவர்கள். இந்தியர் என்றதும் ஒரு பாட்டைப் பாடிக்காட்டி அர்த்தம் கேட்பார்கள். தமிழனின் சங்கடத்தை அவர்களுக்கு விளக்குவது திருத்துவத்தைப் பற்றிய எங்கள் நிலையை விளக்குவதைவிடக் கடினம்.

5. பணம்.

இதைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. எல்லாத் தம்பதிகளையும் அலைக்கழிப்பதும் இதுதான்.

போய் இறங்கிய முதல் மாதத்திலேயே கேட்பார்கள். பள்ளிக் கட்டணம். மேல்நிலைத் தேர்வுக்குப் பதிவுப் பணம். கடைக்கு முதலீடு. பாட்டியின் கண் ஆபரேஷன். கேட்கிறவர்களில் ஏமாற்றுக்காரர்கள் சொற்பம். பெரும்பாலும் உண்மையான கஷ்டம். அதனால்தான் மறுப்பது கஷ்டமாக இருக்கிறது. கேட்கப்படும் தொகையும் நமக்குப் பெரிதாகத் தெரியாது. பையில் கை போகும்.

கொடுத்தால் என்ன நடக்கும்? அடுத்த ஞாயிற்றுக்குள் கிளை முழுக்கத் தெரிந்துவிடும். அதுவரை கஷ்டம் என்றால் கிளைத் தலைவரிடம் போனவர்கள் உங்கள் வராந்தாவுக்கு வருவார்கள். கிளைத் தலைவர் கையில் உபவாசக் காணிக்கை இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளைச் சாப்பாட்டை விட்டு, அந்தப் பணத்தை அங்கத்தினர்கள் கொடுக்கிறார்கள். மீன் விற்கிற அம்மாவும் கொடுக்கிறாள். அந்தப் பணத்திலிருந்து யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று யோசித்து, ஜெபித்து, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்வது அவர் பொறுப்பு. அவரிடம் கேட்டால் கேள்வி வரும்: உறவினர் உதவுவார்களா, நீங்கள் என்ன செய்ய முடியும், சபைக்கு என்ன வேலை செய்து தருவீர்கள்? உங்களிடம் கேட்டால் கேள்வி இல்லை. பிறகு யார் அவரிடம் போவார்கள்? நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அவர் அங்கேயே இருக்க வேண்டியவர். அவருடைய வார்த்தைக்கு இருந்த எடையை நீங்கள் எடுத்துக்கொண்டு போயிருப்பீர்கள்.

அதனால் முதல் நாளே இருவரும் கூடிப் பேசி ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள்: “கிளைத் தலைவரிடம் பேசினீர்களா? வாருங்கள், உங்களோடு வருகிறேன்.” கணவர் மறுத்து, மனைவி பின்வாசலில் கொடுப்பது நம் குடும்ப மரபு. அங்கே அது வேண்டாம்.

வெறும் ‘இல்லை’யோடு நிற்கவும் கூடாது. கானாவில் 2003இல் சட்டம் இயற்றிக் கொண்டுவந்த தேசிய மருத்துவக் காப்பீடு இருக்கிறது. அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். கூடப் போய் வரிசையில் நில்லுங்கள். படிக்க விரும்பும் இளைஞனுக்குச் சபையின் கல்வித் திட்டங்களின் விண்ணப்பத்தை எடுத்துக்கொடுங்கள். நிரப்புவது அவன் வேலை. நேரத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். அதனால் யாருடைய அதிகாரமும் குறைவதில்லை.

கண் முன்னால் பிரசவ வலி, விபத்து என்றால் இந்த விதிகளெல்லாம் கிடையாது. காரில் ஏற்றுங்கள். கிளைத் தலைவருக்குப் போகிற வழியில் போன் செய்துகொள்ளலாம்.

வெளிநாடு போக அழைப்புக் கடிதம் கேட்பார்கள். அதற்கு மட்டும் சுற்றி வளைக்காமல் முடியாது என்று சொல்லிவிடுங்கள். நம்பிக்கையை வளரவிட்டு ஆறு மாதம் கழித்துச் சொல்வது கொடுமை.

6. பெட்டியும் காகிதமும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது. அங்கிருந்து இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்திவிடுவார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும் என்று 2016இல் விதி மாறிவிட்டது. அறுபது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் கூடுதல் கவனம் தேவை. உங்கள் உடம்பைத் தெரிந்த டாக்டரிடம் பேசாமல் போய்ப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மலேரியாத் தடுப்பு மாத்திரையை டாக்டர் சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிடுங்கள். அங்குள்ளவர்கள் மலேரியாவை ஜலதோஷம் மாதிரிப் பேசுவார்கள். அவர்களைப் பார்த்து நீங்களும் அசட்டையாக இருந்தால் ஆஸ்பத்திரியில்தான் முடியும். கொசுவலை அங்கேயே கிடைக்கும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் சில மாதத்துக்கும், மருந்துச் சீட்டும் கையோடு இருக்கட்டும். பல் வைத்தியத்தை ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பென்ஷன்காரர்கள் நவம்பர் மாத வாழ்நாள் சான்றை மறந்துவிடக்கூடாது. ஜீவன் பிரமாண் வழியாகவா, தூதரகம் வழியாகவா என்று புறப்படுமுன் வங்கியில் கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டுச் சாவி, உயில், வங்கிக் கையெழுத்து எல்லாவற்றையும் ஒரு பிள்ளையிடம் ஒப்படையுங்கள்; இரண்டு பிள்ளைகளிடம் பாதிப் பாதியாக வேண்டாம்.

கானாவில் 1974 முதல் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். நமக்குப் பழக்கம் இடப்பக்கம். முதல் வாரங்களில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் ஓட்ட, மற்றவர் ‘வலது, வலது’ என்று சொல்லிக்கொண்டே வாருங்கள். சண்டை வரும், பரவாயில்லை. இருட்டிய பிறகு ஊர்விட்டு ஊர் ஓட்டவே வேண்டாம். விளக்கில்லாமல் நிற்கும் லாரிகள் அதிகம்.

உடையைப் பற்றிக் கவலை வேண்டாம். பருத்தியாக எடுத்துச் செல்லுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சகாராவிலிருந்து ஹார்மட்டான் காற்று புழுதியோடு வரும். உதடு வெடிக்கும், வெள்ளைச் சட்டை வெள்ளையாக இராது. ஒரு டார்ச் லைட். மின்வெட்டுக்கு நாம் புதியவர்களா என்ன.

7. சாப்பாடு.

மரவள்ளியும் வாழையும் வேகவைத்து உரலில் இடித்த ஃபுஃபுவை மெல்லக்கூடாது, குழம்போடு விழுங்க வேண்டும். புளித்த மக்காச்சோள மாவில் செய்த கெங்கே நமக்குச் சீக்கிரம் பிடித்துவிடும். சைவர்களுக்குத்தான் திண்டாட்டம், கருவாட்டுத்தூள் கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் இருக்கும். யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் போனால் ‘வாங்க, சாப்பிடுங்க’ என்பது அங்கும் கட்டாய மரியாதை. ஒரு வாய் எடுத்துக்கொண்டால் போதும்.

8. மனைவியும் ஊழியர்தான்.

ஊழியத்துக்கான அழைப்புக் கடிதம் இரண்டு பேருக்கும் வருகிறது. ஆனாலும் நம் ஆண்கள் பலர், தாம் ஊழியத்துக்குப் போவதாகவும் மனைவி சமைக்கக் கூட வருவதாகவும் நினைத்துப் புறப்படுகிறார்கள். கிளைகளில் நடக்கும் காரியத்தில் பெரும்பங்கு ஒத்தாசைச் சங்கத்தின் வழியாக நடக்கிறது. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யாருக்குப் புருஷனால் தொல்லை, எந்தப் பெண் படிப்பை நிறுத்தப்போகிறாள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அந்த இடத்துக்குள் உங்களால் நுழைய முடியாது, அவரால் முடியும். காரை அவருக்கு விட்டுக்கொடுத்து நீங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற நாட்கள் வர வேண்டும். கானா ஆண்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு யோசிக்கவும் செய்வார்கள்.

இன்னொன்று. வேலைக்குப் போன காலத்தில் ஒரு நாளில் சில மணி நேரம்தான் முகம் பார்த்திருப்பீர்கள். அங்கே இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே அறை, ஒரே கார், ஒரே கூட்டம். நல்ல தம்பதிகளே முதல் மூன்று மாதம் முறைத்துக்கொள்கிறார்கள். தினமும் ஒரு மணி நேரம் தனித்தனியாக இருக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அவர் நடக்கப் போகட்டும், நீங்கள் படியுங்கள். அடுத்தவர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் திருத்தாதீர்கள். உங்களைப் பார்த்துத்தான் அங்குள்ள இளம் தம்பதிகள் மார்மன் குடும்பம் என்றால் என்ன என்று எடை போடுகிறார்கள். உங்கள் பாடங்களைப் பார்த்தல்ல.

9. சாவு வீட்டுக்குப் போங்கள், நீண்ட நேரம் இருங்கள்.

கானாவில் இறுதிச் சடங்குதான் பெரிய சமூக நிகழ்ச்சி. சனிக்கிழமைகளில் நடக்கும். கறுப்பும் சிவப்பும் உடுத்துவார்கள். உறவினர் எல்லாரும் வந்துசேர வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், உடலைப் பிணவறையில் வைத்திருப்பார்கள். வந்தவர்கள் கொடுக்கும் நன்கொடையை நம் ஊரில் மொய் எழுதுவதுபோல எழுதி, ரசீது கொடுத்து, யார் எவ்வளவு என்று மைக்கில் அறிவிப்பார்கள். நீங்களும் கொடுங்கள். ஐந்தாவதில் சொன்ன விதி இங்கே பொருந்தாது. எவ்வளவு என்று கிளைத் தலைவரைக் கேட்டுக் கொடுங்கள், அவரைவிடக் கூடுதலாக வேண்டாம்.

இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். முன்னோருக்கு மது வார்ப்பது போன்ற சடங்குகளில் சபை அங்கத்தினர் எங்கே நிற்பது, எங்கே ஒதுங்குவது என்பதை அங்கே பிறந்து வளர்ந்த தலைவர்கள் தலைமுறையாக யோசித்து வைத்திருக்கிறார்கள். அதில் உங்கள் அபிப்பிராயம் யாருக்கும் தேவையில்லை. மடக்கு நாற்காலியில், வெயிலில், வாய் திறக்காமல் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பது பத்துப் பிரசங்கத்துக்குச் சமம் என்று அங்குள்ள ஒரு கிளைத் தலைவர் என்னிடம் சொன்னார். அவர் பிரசங்கங்கள் நீளமானவை, தெரிந்துதான் சொல்லியிருப்பார்.

10. வம்ச வரலாறு எழுதும்போது அவசரப்படாதீர்கள்.

எங்கள் சபையில் முன்னோர் பெயர்களைத் தேடி ஆலயச் சடங்குகளுக்காகச் சேர்ப்பது முக்கியமான வேலை. 2004 ஜனவரியில் அக்ராவில் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்ட பிறகு கானாவில் அது இன்னும் சூடுபிடித்தது. உங்களையும் அதில் உதவச் சொல்வார்கள். அங்கே பழைய பதிவேடுகள் குறைவு. பெயர்கள் கிழவர்களின் நினைவில் இருக்கின்றன; கிராமத்துப் பெரியவர்களைச் சொல்லவைத்துப் பதிவு செய்யும் வேலையைச் சபையின் ஃபேமிலிசர்ச் நிறுவனம் செய்துவருகிறது.

அக்கான் மக்களுடையது தாய்வழி மரபு. பிள்ளை தாயின் குலத்தைச் சேர்ந்தது. மரபுப்படி சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போனது. நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும். மற்றவர்கள் படம் வரைந்து புரிந்துகொள்ளுங்கள். அப்பா, அப்பாவின் அப்பா என்று ஏறும் நம் படிவத்தை நீட்டினால், சொல்கிறவர் பாதியில் நின்றுவிடுவார். தாயில் தொடங்குங்கள், பாட்டியைக் கேளுங்கள், பாட்டியின் சகோதரர்களைக் கேளுங்கள். பெயர்கள் தாமாக வரும். தாயின் சகோதரியையும் ‘அம்மா’ என்றே சொல்வார்கள். பெற்றவள் யார் என்று இரண்டாம் முறை கேட்டுத்தான் எழுத வேண்டும். பெரியம்மா, சின்னம்மா என்று வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை.

11. வீட்டுக்குப் போன் பேசுங்கள், ஆனால் வீட்டை நடத்தாதீர்கள்.

பேரன் பிறந்தநாளில் அழுகை வரும். வரட்டும். ஊரிலிருந்து சாவுச் செய்தி வரலாம். போகலாமா வேண்டாமா என்பதைப் புறப்படுமுன் பிள்ளைகளோடு பேசி முடிவு செய்துவிட்டுப் போவது நல்லது. அந்த இரவில் யோசிக்க முடியாது.

12. திரும்பும்போது முழுமையாகத் திரும்புங்கள்.

கடைசி இரண்டு மாதங்களில் எந்தப் புதிய வேலையும் தொடங்காதீர்கள். உங்களிடம் இருக்கும் சாவிகள், பாஸ்வேர்டுகள், ‘இதை மூத்த தம்பதிதான் பார்த்துக்கொள்வார்கள்’ என்று பழகிப்போன சின்னச் சின்ன வேலைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் இரண்டாவது அறிவுரையை நீங்கள் சரியாகப் படிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் கிளைத் தலைவர் ஓர் ஆளைச் சொல்லட்டும். நீங்கள் அங்கே இருக்கும்போதே அந்த ஆள் நான்கு ஞாயிறாவது அதைச் செய்து பார்க்கட்டும்.

மிச்சமாகும் சாமான்களை, பானை முதல் மின்விசிறி வரை, கிளைத் தலைவரைக் கேட்டு அவர் சொல்கிறவர்களிடம் கொடுங்கள்; வராந்தாவில் பரப்பி வைத்துக் கூட்டம் கூட்டாதீர்கள். விடைபெறும் கூட்டத்தில் துணி போர்த்துவார்கள், பேசச் சொல்வார்கள். ஐந்து நிமிடம்.

கிளையின் வாட்ஸாப் குழுவிலிருந்து விமான நிலையத்திலேயே வெளியேறிவிடுங்கள். தனிப்பட்ட சிநேகிதம் இருக்கட்டும், கல்யாணப் பத்திரிகை வரும், குழந்தை போட்டோ வரும், பதில் போடுங்கள். ஆனால் புதிதாக வந்த செயலாளர் ராத்திரி பத்து மணிக்கு, அறிக்கையில் இந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டு அனுப்புவார். உங்களுக்கு விடை தெரியும். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரின் நம்பரை அனுப்பிவிட்டுப் போனை மூடிவையுங்கள்.